பதினாறு அங்குலப் பை

1888ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் நியூயார்க்கின் ‘வேர்ல்டு’ நாளிதழ் அலுவலகத்தில் ஒரு பெண் நிருபர் தம் யோசனையை முன்வைத்தார். ஜூல் வெர்னின் கதாநாயகன் எண்பது நாட்களில் உலகைச் சுற்றியிருக்கிறான். அதைவிடக் குறைந்த நாட்களில் தம்மால் சுற்றிவர இயலும் என்றார். நிர்வாகம் மறுத்துவிட்டது. மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இரண்டு முக்கியமானவை. பெண்ணுக்குத் துணைக்கு ஓர் ஆண் வேண்டும் என்பது முதலாவது. அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவதுதான் நம் கவனத்துக்குரியது. துணையின்றியே அவர் போகிறார் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பெண் எடுத்துச்செல்லும் பெட்டிகளின் எண்ணிக்கையே அவரைத் தாமதப்படுத்திவிடும். கப்பலிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து கப்பலுக்கும் விரைந்து மாற அவரால் முடியாது. ஆகவே இது ஆண் செய்யவேண்டிய வேலை.

அந்த ஆணை அனுப்புங்கள், அதே நாளில் வேறொரு பத்திரிகைக்காக நான் கிளம்பி அவரைத் தோற்கடிக்கிறேன் என்று அப்பெண் பதிலளித்தாராம். அவர் இயற்பெயர் எலிசபெத் ஜேன் காக்ரன். உலகம் அறிந்த பெயர் நெல்லி பிளை. 1887இல் மனநோயாளி போல் நடித்து ஒரு காப்பகத்துக்குள் நுழைந்து, அங்கு நடந்த கொடுமைகளை எழுதியவர். அவ்வளவு துணிச்சலைப் பார்த்த பிறகும் அலுவலகத்தாருக்கு அவரிடம் நம்பிக்கை வராத விஷயம் பெட்டிதான் என்பது விசித்திரம்.

ஆனால் அவர்கள் கற்பனையாகவும் பேசவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரயாணம் என்பது பெட்டிகளின் ஊர்வலம். பழைய குதிரை வண்டிக் காலத்துப் பெட்டிகளின் மேல்மூடி வில்லாக வளைந்திருக்கும். வண்டியின் கூரையில் கட்டிவைக்கும்போது மழைநீர் தங்காமல் வழிந்தோட வேண்டுமல்லவா? ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தபின் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டிய அவசியம் எழுந்தது. பாரிஸில் லூயி வித்தோன் 1858இல் தட்டையான மூடி கொண்ட, கித்தான் போர்த்திய பெட்டியைச் செய்து புகழ் பெற்றது இக்காரணத்தால்தான். கப்பல் அறையின் படுக்கைக்கு அடியில் நுழையும்படி உயரம் குறைந்த பெட்டி ஒன்றைத் தனியாகச் செய்தனர். வழியில் தேவைப்படாத பெரிய பெட்டிகள் தனிச் சீட்டு ஒட்டப்பட்டுக் கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். வசதி படைத்த ஒரு பெண்ணுக்குக் காலை உடை, உலாவும் உடை, மாலை உடை, இரவு விருந்து உடை, இவற்றுக்குரிய தொப்பிகள் என்று தேவைகள் பெருகிக்கொண்டே போயின. சமூகம் அவளிடம் அதை எதிர்பார்த்தது. பிறகு அவள் சுமையைக் காட்டி அவளையே வீட்டில் இருத்திவைத்தது.

நம் ஊரிலும் கோடை விடுமுறைக்கு ட்ரங்குப் பெட்டியும், மெத்தையைச் சுருட்டிக் கட்டிய ஹோல்டாலும், தண்ணீர்க் கூஜாவுமாக ரயிலேறிய தலைமுறை ஒன்று இருந்தது. அவற்றை ஏற்றி இறக்குவதற்கே ஒரு மாமா தேவைப்படுவார்.

ஓராண்டு கழித்து, 1889 நவம்பர் 11ஆம் நாள் திங்கள் மாலையில் அலுவலகம் பிளைக்கு ஆளனுப்பியது. உடனே கிளம்ப முடியுமா என்று கேட்டார்கள். இந்த நிமிடமே முடியும் என்றார். அவர் கப்பலேறியது 14ஆம் நாள் வியாழன் காலை. இடையில் கிடைத்த அவகாசத்தில் ஒரு தையற்காரரிடம் சென்று, மூன்று மாதம் தொடர்ந்து உடுத்தினாலும் தாங்கும் உடை ஒன்று அன்று மாலைக்குள் வேண்டும் என்றார். நீலநிறக் கம்பளித் துணியில், கட்டம் போட்ட ஒட்டக மயிர்த் துணியும் சேர்த்து, அன்றே தைத்துக்கொடுத்தார்கள். அவர் செல்லும் வழி செங்கடல், ஏடன், இலங்கை, சிங்கப்பூர் என்று வெப்ப நாடுகளூடே போவது. நியூயார்க்கில் குளிர்காலமே ஆனாலும் அவர் பயணத்தின் நடுப்பகுதி நமக்குப் பழக்கமான கோடைதான். எனவே மெல்லிய உடை ஒன்றையும் தைக்கக் கொடுத்தார்.

பிறகு பையை வாங்கினார். கையில் தூக்கிச்செல்லும் தோல்பை. அடிப்பாகத்தின் அளவு 16 அங்குலம் நீளம், 7 அங்குலம் அகலம். சென்டிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 40க்கு 18. செய்தித்தாளில் இந்த அளவை வரைந்து பார்த்தால் விஷயம் விளங்கும். ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் கையில் தொங்கும் மஞ்சள் பையில் கொள்வதைவிடக் கொஞ்சம் அதிகம் கொள்ளும், அவ்வளவே.

அந்தப் பைக்குள் என்னென்ன போயின என்பதைத் தம் பயண நூலில் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு தொப்பிகள், மூன்று முகத்திரைகள், ஒரு ஜோடி செருப்பு, சீப்பு முதலான ஒப்பனைப் பொருட்கள், மைக்கூடு, பேனாக்கள், பென்சில்கள், எழுதும் தாள், குண்டூசி, ஊசி நூல், இரவில் அணியும் அங்கி, டென்னிஸ் ஆடுவோர் அணியும் பிளேசர், சிறிய குடுவை, குடிக்க ஒரு கோப்பை, மாற்று உள்ளாடைகள் சில, ஏராளமான கைக்குட்டைகள், கழுத்தில் வைத்துத் தைக்கும் மடிப்புத் துணிகள். இவற்றோடு முகத்துக்குப் பூசும் கோல்டு கிரீம் ஜாடி ஒன்று. இந்த ஜாடிமேல் அவருக்கு இருந்த எரிச்சலைப் படிக்கையில் சிரிப்பு வருகிறது. மற்ற அனைத்தும் சேர்ந்து பிடித்த இடத்தைவிட அது அதிக இடம் பிடித்ததாகவும், பையை மூட முயலும்போதெல்லாம் அது குறுக்கே நின்றதாகவும் குறைப்பட்டுக்கொள்கிறார். இருந்தும் அதை வீட்டில் விட்டுவரவில்லை. (2006க்குப் பிறகு விமான நிலையப் பரிசோதனையில் 100 மில்லிக்கு மேற்பட்ட களிம்பு ஜாடியைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்தப் பகுதியை அர்ப்பணிக்கலாம். அவர் மைக்கூட்டையும் அநேகமாகப் பிடுங்கியிருப்பார்கள்.)

எல்லாவற்றையும் திணித்தான பின்பும் அந்தக் கோடைக்கான உடை மட்டும் வெளியே கிடந்தது. தனியாக ஒரு பொட்டலம் கட்ட வேண்டும், அல்லது ஒரே உடையோடு உலகைச் சுற்ற வேண்டும். பொட்டலம் தூக்குவது தமக்கு என்றுமே பிடிக்காது என்று சொல்லி அவர் உடையைக் கைவிட்டார். பதிலுக்கு முந்தைய கோடையில் அணிந்த பட்டு மேலாடை ஒன்றைத் தேடியெடுத்து, கசக்கிச் சுருட்டி ஒரு மூலையில் அடைத்தார். செங்கடல் முதல் ஹாங்காங் வரையிலான வெயிலுக்கு அவரிடம் இருந்த ஏற்பாடு அதுதான். கைத்துப்பாக்கி ஒன்று எடுத்துச்செல்லுமாறு யாரோ அறிவுரை சொன்னபோது அதையும் மறுத்துவிட்டார்.

பைக்குள் வைக்காமல் உடலோடு எடுத்துச்சென்றது பணம். 200 பவுன்: தங்க நாணயங்கள் சட்டைப்பையில், இங்கிலாந்து வங்கியின் நோட்டுகள் மான்தோல் பையில் கட்டிக் கழுத்தில். கொஞ்சம் அமெரிக்க நாணயமும் வைத்துக்கொண்டார்; வெளியுலகில் அதற்கு மதிப்பு உண்டா என்று பார்க்கும் ஆவல். கொழும்பு சேரும்வரை அமெரிக்கப் பணத்தை அவர் எங்குமே காணவில்லை. கொழும்பில் கண்டதோ, இருபது டாலர் தங்கக் காசுகளை நகையாக அணிந்திருந்தவர்களை! டாலரின் அன்றைய நிலைமை அது.

இங்கே வெர்னின் நாவலை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். 1873இல் நூலாக வந்த அக்கதையில் ஃபாக்கும் பெரிய பெட்டி எதையும் எடுத்துச்செல்வதில்லை. ஒரே ஒரு கம்பளப் பை. இருவருக்கும் தலைக்கு இரண்டு சட்டை, மூன்று ஜோடிக் காலுறை. மிச்சத்தை வழியில் வாங்கிக்கொள்வோம் என்று வேலைக்காரன் பாஸ்பார்த்துவிடம் சொல்கிறார். வழியில் வாங்கிக்கொள்வதற்கான 20,000 பவுன் நோட்டுக்கட்டு அதே பைக்குள் இருக்கிறது. அந்தப் பையைச் சுமப்பது பாஸ்பார்த்து. இலேசான பை பற்றிய பேச்சில் நாம் கேட்க மறக்கும் இரண்டு கேள்விகளும், அதாவது யார் பணம், யார் தோள் என்பவை, வெர்னின் அந்தச் சிறு காட்சியிலேயே உள்ளன. ஃபாக்கோடு ஒப்பிட்டால் பிளை நேர்மையானவர். தம் பையைத் தாமே தூக்கினார்.

கப்பலில் அந்தப் பை அவருக்கு ஒரு விநோதமான பெயரைத் தேடித்தந்தது. இத்தாலியின் பிரிந்திசியிலிருந்து கொழும்பு வரை ‘விக்டோரியா’ கப்பலில் சென்றபோது, இவர் கிறுக்குப் பிடித்த அமெரிக்கக் கோடீசுவரி, ஒரு தலைவாரும் பிரஷும் ஒரு வங்கிக் கணக்குப் புத்தகமுமாக உலகம் சுற்றுகிறார் என்று வதந்தி கிளம்பிவிட்டது. பெட்டி இல்லாத பெண் ஒன்று பரம ஏழையாக இருக்கவேண்டும், இல்லையேல் பெரும் பணக்காரியாக இருக்கவேண்டும். நடுவில் ஒரு நிலை இருக்க முடியும் என்றே எவருக்கும் தோன்றவில்லை. திருமண விண்ணப்பங்களும் வந்தன. இளைஞர் ஒருவர், தாம் ஒன்பது வயது முதல் பயணம் செய்துகொண்டே இருப்பதாகவும், எண்ணற்ற பெட்டிகள் இல்லாமல் பயணிக்கக்கூடிய பெண்ணைக் காணவே முடியாது என்பதால் திருமண ஆசையை அடக்கிவைத்திருந்ததாகவும் உருக்கமாகச் சொன்னார். அவர் நாளைக்கு மூன்று தடவையாவது உடை மாற்றுவதைக் கவனித்திருந்த பிளை, உங்களிடம் எத்தனை பெட்டிகள் என்று கேட்டார். பத்தொன்பது என்று பதில் வந்தது.

இனி, இந்தக் கதையைக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிச்செல்லும் ஓரிடம். இத்தனை குறைவான துணியோடு எழுபத்திரண்டு நாட்கள் எப்படிச் சாத்தியம்? பிளையே விடையும் தருகிறார்: சலவை. அட்லாண்டிக் கப்பல்களில் துணி துவைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் கிழக்கே செல்லும் கப்பல்களில் அன்றாடம் துவைத்து உலர்த்தப்படும் துணியின் அளவைக் கண்டால் அமெரிக்காவின் பெரிய சலவையகங்களே வியக்கும் என்கிறார். அதுவும் இல்லாவிட்டால் என்ன, கப்பல் நிற்கும் கீழைத் துறைமுகங்கள் யாவற்றிலும் சலவைக்காரர்கள் உண்டு. ஆறு மணி நேரம் போதும் அவர்களுக்கு. சொன்ன நேரத்துக்கு நிமிடம் பிசகாமல் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று பாராட்டுகிறார். பாராட்டியவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் தாங்கள் உடுத்துவதற்குத் துணி தேவைப்படாதவர்கள், கிடைக்கப்போகும் கூலியின் மதிப்பை அறிந்தவர்கள் என்றொரு எள்ளலையும் சேர்த்துக்கொள்கிறார்.

உண்மையில் பிளையின் பை இலேசாக இருந்ததற்கு அவருடைய மன உறுதி ஒரு பாதிக் காரணம். மறு பாதியை ஆறு மணி நேரத்தில் வெளுத்து, உலர்த்தி, தேய்த்து மடித்துக்கொடுத்த பெயர் தெரியாத கைகளுக்குத்தான் கொடுக்கவேண்டும். அவர் வீட்டில் விட்டுவந்த பெட்டிகளின் எடை மறைந்துவிடவில்லை. வழிநெடுக வேறு தோள்களுக்கு மாறியது. ஏடனிலும் இலங்கையிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் ஒரே தங்கப் பவுன் செல்லுபடியானதும், ஒரே மொழி பேசித் தேவைகளைக் கேட்டுப் பெற முடிந்ததும் இதில் சேரும். இவையெல்லாம் அன்று பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்த துறைமுகங்கள். ஒரு பேரரசு முழுவதுமே அவருக்காகப் பெட்டி கட்டிவைத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

கொழும்பில் அவர் முதல்தடவையாக ரிக்‌ஷாவில் ஏறுகிறார். ஒரு மனிதன் இழுக்கத் தாம் உட்கார்ந்து போவது வெட்கமாக இருந்தது என்று எழுதுகிறார். அடுத்த வரியிலேயே அந்த வெட்கம் போய்விடுகிறது. கொஞ்ச தூரம் சென்றதும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த குதிரை கிடைத்தது எவ்வளவு ஆறுதல் என்று வேடிக்கை பேசுகிறார். காப்பகத்தில் அடைபட்ட பெண்களுக்காகக் குரல்கொடுத்த அதே பேனாதான் இது. பிளையை இழிவுபடுத்துவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. மறைக்காமல் எழுதினாரே என்ற மதிப்பும் எனக்கு உண்டு. ஆனால் இளமையில் படித்தபோது நகைச்சுவையாகத் தோன்றிய அந்த இடம் இப்போது தொண்டையில் நிற்கிறது.

கொழும்பில் வேறொன்றும் நடந்தது. டிசம்பர் 8ஆம் நாள் வந்துசேர்ந்தவர் ஐந்து நாட்கள் அங்கே முடங்கிக் கிடந்தார். அவர் ஏறவேண்டிய ‘ஒரியண்டல்’ கப்பல், பின்னால் வரவேண்டிய ‘நேபால்’ கப்பலுக்காகக் காத்திருந்தது. நேபாலோ ஆடி அசைந்து வந்தது. கையில் ஒரே பை, இமைப்பொழுதில் கப்பல் மாறத் தயார். மாறுவதற்குத்தான் கப்பல் இல்லை. ஓட்டல் வராந்தாவில் உட்கார்ந்தும் கண்டிவரை போய்வந்தும் பொழுதைப் போக்கினார். எடை குறைந்த பையால் சுங்கத்தையும் சுமைதூக்கிகளையும் வெல்லலாம். கப்பல் கம்பெனியின் கால அட்டவணையை வெல்ல இயலாது.

டிசம்பர் 23இல் ஹாங்காங் சேர்ந்தபோது இன்னொரு அதிர்ச்சி. உம்மோடு போட்டியிடும் பெண் மூன்று நாட்களுக்கு முன்பே இங்கிருந்து போய்விட்டாரே என்றார்கள். எந்தப் பெண்? பிளை கிளம்பிய செய்தியைப் படித்த ‘காஸ்மோபாலிட்டன்’ இதழின் அதிபர், அதே நாள் மாலையே எலிசபெத் பிஸ்லண்ட் என்ற தம் எழுத்தாளரை எதிர்த்திசையில், மேற்கு நோக்கி அனுப்பியிருந்தார். பிஸ்லண்டுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம்தான். இலக்கிய ரசனையும் நளினமும் உள்ளவர். பின்னாளில் லஃப்காடியோ ஹெர்னின் வாழ்க்கையையும் கடிதங்களையும் தொகுத்து 1906இல் வெளியிட்டவர் இவரே. இவர் பிளையைப்போல ஒரே பையோடு கிளம்பவில்லை. கப்பல் அறைக்கான பெட்டி ஒன்று, கிளாட்ஸ்டன் பை ஒன்று, சால்வைகளைச் சுருட்டிக் கட்டிய வார்க்கட்டு ஒன்று. அந்தக் காலத்துக்கு இதுவே துறவுக்கோலம்.

பிஸ்லண்ட் தோற்றார். ஆனால் பெட்டியால் அல்ல. பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில், அவர் பிடிக்கவேண்டிய விரைவுக் கப்பல் கிளம்பிவிட்டது என்று பிரான்சில் வழியிலேயே அவருக்குச் சொல்லப்பட்டது. அயர்லாந்து சென்று ‘போத்னியா’ என்ற மெதுவான கப்பலில் ஏறி, குளிர்காலப் புயலில் அட்லாண்டிக்கைக் கடந்து, 76 நாட்களில், 1890 ஜனவரி 30ஆம் நாள் நியூயார்க் வந்துசேர்ந்தார். அதுவும் ஃபாக்கின் எண்பது நாட்களைவிடக் குறைவுதான். பெட்டி உள்ள பெண்ணாலும் முடிந்திருக்கிறது. ‘வேர்ல்டு’ நிர்வாகத்தின் வாதத்தைப் பிளையைவிட முழுமையாக உடைத்தவர் பிஸ்லண்டுதான் என்பது என் கட்சி. ஆனால் பின்னாளில் அதிகம் பேசப்பட்டது பிளையின் பையைத்தான்.

ஹாங்காங்கில்தான் பிளை தம் பயணத்தில் ஒரே ஒரு முறை உடைக்காக வருந்தினார். அரசு விருந்து ஒன்றுக்கு அழைப்பு வந்தது. மாலை உடை இல்லாததால் போக முடியவில்லை. பெட்டிகளைக் கட்டிக்காக்கும் கவலையிலிருந்து தப்பித்ததோடு ஒப்பிட்டால் ஒரு விருந்தை இழந்தது பெரிதல்ல என்று எழுதுகிறார். சக பயணிகளை மலைக்கவைப்பதற்காக அல்லாமல் பயணத்துக்காகவே பயணம் செய்பவருக்கு மூட்டை முடிச்சு ஒரு பிரச்சினையே அல்ல என்பது அவர் கருத்து. பெரிதும் சரி என்றே தோன்றுகிறது. ஆனால் விருந்தில் அவரை எதிர்பார்த்தவர்களுக்கு அந்த நீலக் கம்பளி உடையே போதுமானதாக இருந்திருக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கே வரவில்லை. அத்தனை கட்டுகளை அறுத்தவரும் அந்த ஒரு கட்டுக்குள் இருந்தார்.

சிங்கப்பூரில் அவர் சுமையில் ஒன்று கூடியிருந்தது: ஒரு குரங்கு. மாற்று உடைக்கு இடமில்லை என்றவர் குரங்கை எப்படி வாங்கினார் என்று கேட்கக்கூடாது. அது பைக்குள் போகாதல்லவா. பசிபிக்கில் ‘ஓஷியானிக்’ கப்பல் புயலில் சிக்கியபோது, குரங்கு அபசகுனம், கடலில் எறிந்துவிடவேண்டும் என்று பேச்சு எழுந்தது. பிளை சம்மதிக்கவில்லை.

1890 ஜனவரி 21இல் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தபோது சியரா நெவாடா மலைப்பாதை பனியில் மூழ்கியிருந்தது. ‘வேர்ல்டு’ பத்திரிகை தெற்கு வழியாகச் சிகாகோ வரை தனி ரயில் ஒன்றை அமர்த்தியது. எஞ்சினும் படுக்கை வசதி கொண்ட பெட்டியும், அவற்றுக்கான ஆட்களும். பெட்டிகள் உம்மைத் தாமதப்படுத்தும் என்று சொல்லி மறுத்த அதே பத்திரிகை, 16 அங்குலப் பை ஒன்றையும் ஒரு குரங்கையும் ஓர் இளம்பெண்ணையும் ஏற்றிச்செல்ல முழு ரயிலை ஓட்டியது. நிலையங்கள்தோறும் கூட்டம். ஜனவரி 25ஆம் நாள் பிற்பகல் ஜெர்சி நகர் நிலையத்தில் அவர் காலடி வைத்தபோது நிறுத்தப்பட்ட கடிகாரங்கள் காட்டிய கணக்கு 72 நாட்கள், 6 மணி, 11 நிமிடம், 14 விநாடி. பீரங்கிகள் முழங்கின.